பெயர் அழியாத கோப்பை

கார் நிக்கோபாரில் உலோகத்துக்கு ஆயுள் குறைவு. தீவின் பரப்பு ஏறத்தாழ 127 சதுர கிலோமீட்டர். பவளப் பாறைமேல் தட்டையாகக் கிடக்கும் மண். கடல் காற்றை மறிக்க ஓங்கிய மலை கிடையாது. ஆண்டில் பாதிக்கு மேல் மழை. மழை ஓய்ந்த மாதங்களிலும் காற்றில் ஈரம் இருக்கும், அந்த ஈரத்தில் உப்பு இருக்கும். புதுப் பூட்டு ஒரு மழைக்காலத்தில் இறுகிப்போகும். தகரப் பெட்டியின் மூலைகள் அடுத்த மழைக்காலத்தில் உதிரும். இப்படிப்பட்ட காற்றில்தான் இங்குள்ள ஊர்கள் தங்கள் கால்பந்துக் கோப்பைகளையும், ஷீல்டுகளையும், அணிப் புகைப்படங்களையும் வைத்துக் காக்கின்றன.

நான் அரசுப் பள்ளியில் கைத்தொழில் ஆசிரியராக இங்கே வந்தேன். 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குவிதிப்படி வெளியார் யாரும் அனுமதி இல்லாமல் இந்தத் தீவில் கால் வைக்க முடியாது. வேலைக்காக அந்த அனுமதியோடு வந்து தங்கிய தமிழர்களில் நானும் ஒருவன். பற்றவைக்கவும் பிரேம் போடவும் தெரிந்தவன் என்று பேர் வந்ததும், விளையாட்டு ஆசிரியர்கள் கைப்பிடி கழன்ற கப்புகளைக் கொண்டுவந்து தந்தார்கள். பிறகு ஊர்க்காரர்கள் வந்தார்கள். பள்ளி நேரம் முடிந்தபின் வீட்டுத் திண்ணையில் இந்த வேலையைச் செய்வது என் வாழ்க்கையின் பெரிய பகுதி ஆகிவிட்டது.

இங்கே கால்பந்து விளையாடாத ஊர் இல்லை. மூஸ், கின்மாய், பெர்கா, மலாக்கா, தமாலு, சவாய், அரோங் என்று எந்த ஊருக்குப் போனாலும் தென்னை மரங்களுக்கு நடுவே ஒரு மைதானம் இருக்கும். இந்தத் தீவில் பிறந்து தேசிய அளவில் சைக்கிள் பந்தயத்தில் பதக்கம் வென்ற ஓர் இளைஞரின் பெயரே டேவிட் பெக்காம். பிள்ளைக்குப் பெயர் வைக்கும் அளவுக்கு ஆட்டம் வீட்டுக்குள் நுழைந்திருக்கிறது. இதற்கு ஒரு பழைய வரலாறு உண்டு, அதில் ஒரு தமிழருக்கும் பங்கு உண்டு. 1890களில் வேதப்பன் சாலமன் என்ற தமிழ் உபதேசியார் மூஸில் தங்கிப் பள்ளி நடத்தினார். அவரிடம் படித்த நிக்கோபார்ச் சிறுவன் ஒருவன் பர்மாவின் மண்டலேக்குப் போய்ப் படித்துத் திரும்பினான். அவரே பிற்காலத்தில் பிஷப் ஜான் ரிச்சர்ட்சன். 1952இல் அந்தமான் நிக்கோபாரின் முதல் நாடாளுமன்ற உறுப்பினராக நியமிக்கப்பட்டவர், 1978இல் மறைந்தவர். தீவில் கால்பந்து வேர்விட்ட கதையைச் சொல்லும் பெரியவர்கள் அவர் பெயரையும் சேர்த்தே சொல்வார்கள்.

ஆகவே இங்கே ஒரு கோப்பை தனி ஆளின் சொத்தாக இருப்பது அபூர்வம். வென்றது ஊர், வைத்திருப்பதும் ஊர். 'துஹெத்' எனப்படும் கூட்டுக்குடும்பத்தின் பொறுப்பில் அது இருக்கலாம், ஊர்த் தலைவரான கேப்டனின் வீட்டில் இருக்கலாம். ஆனால் அதைத் தொட்டு வேலை செய்ய ஊரின் சம்மதம் வேண்டும். இந்தத் தொழிலில் நான் கற்ற முதல் ஒழுங்கு இதுதான்: வேலைக்கு யார் கொண்டுவந்தாலும் இது யாருடையது, யாரிடம் கேட்டுக்கொண்டு வந்தீர்கள் என்று விசாரிக்காமல் துணியைக்கூட எடுக்கக் கூடாது.

2004 டிசம்பர் 26 காலையில் கடல் கரையோர ஊர்களை வாரிக்கொண்டு போனது. மலாக்காவும் விமானப்படைத் தளமும் அழிந்தன. கரையோரம் இருந்த ஊர்கள் பின்னர் உள்ளே தள்ளி அமைந்தன. வீட்டோடு சேர்ந்து போனவற்றில் அரை நூற்றாண்டு ஆட்டங்களின் சின்னங்களும் அடக்கம். சில பொருள்கள் மணலுக்குள்ளும் தென்னை வேர்களுக்கு இடையிலும் மாட்டிக்கொண்டு, வருஷங்கள் கழித்துக் கிடைத்தன. என்னிடம் வந்ததில் மிகக் கடினமானவை அவைதான். கடல்நீரில் ஊறி மண்ணில் கிடந்த பித்தளை, வெளியே எடுத்த பிறகுதான் வேகமாக அழியத் தொடங்கும்.

காரணம் குளோரைடு. களிம்பு எல்லாம் ஒரே மாதிரி இல்லை. கரும்பச்சையாக, இறுக்கமாக, தொட்டால் கையில் ஒட்டாமல் இருப்பது பெரும்பாலும் கேடு செய்யாது. அதுவே உலோகத்துக்குப் போர்வை. வெளிர்பச்சையில், மாவு போல உதிர்வதுதான் ஆபத்து. உலோகத்தின் துளைகளுக்குள் இருக்கும் செம்புக் குளோரைடு, காற்றின் ஈரத்தோடும் ஆக்சிஜனோடும் சேர்ந்து அமிலத்தை உண்டாக்கும். அந்த அமிலம் புதிய செம்பை அரித்து மறுபடியும் குளோரைடாக்கும். மேலே தேய்த்து மினுக்கினால் மாவு போகும், நோய் போகாது. அடுத்த மழையில் அதே இடத்தில் பச்சை எட்டிப்பார்க்கும்.

இந்த நோயைப் பற்றித் தமிழ்நாட்டுக்கு நல்ல அனுபவம் உண்டு. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930இல் வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் தொடங்கப்பட்டது. எஸ். பரமசிவன் அங்கே வெண்கலச் சிலைகளின் களிம்பை மின்னாற்பகுப்பு முறையில் நீக்கினார். மண்ணிலிருந்து எடுத்த நடராசருக்கும் மணலிலிருந்து எடுத்த கால்பந்துக் கப்புக்கும் வேதியியல் ஒன்றுதான். ஆனால் தீவில் மின்சாரம் டீசல் ஜெனரேட்டரை நம்பியது. நுட்பமான கருவி வைக்க வசதி இல்லை. அதனால் பொறுமையான வழியையே கடைப்பிடிக்கிறேன்.

முதலில் மூங்கில் குச்சியாலும் மென்மையான பிரஷாலும் உதிர்மாவை எடுப்பேன். பிறகு காய்ச்சி வடித்த நீரில் ஊறவைப்பேன். மெக்கானிக் கடையில் பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் இதற்குப் போதும். கூரையில் படிந்த உப்பைக் கழுவிவரும் முதல் மழைநீரைத் தொடவே மாட்டேன். ஊறிய நீரில் கொஞ்சம் எடுத்து, ஒரு சொட்டு நைட்ரிக் அமிலமும் ஒரு சொட்டு வெள்ளி நைட்ரேட்டும் விட்டால், குளோரைடு இருந்தால் பால் போலக் கலங்கும். கலங்காத நாள்வரை தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வாரங்கள் ஆகும், சில சமயம் மாதங்கள் ஆகும். பிறகு ஸ்பிரிட்டில் கழுவி நன்றாக உலர்த்தி, பென்சோட்ரையசோல் கரைசலில் நனைத்து, கடைசியில் மெல்லிய மெழுகோ பாராலாய்டு பி-72 என்ற பூச்சோ கொடுப்பேன். பென்சோட்ரையசோல் உடம்புக்கு ஆகாது. கையுறை போட்டு, காற்றோட்டமான இடத்தில்தான் அதைத் திறக்க வேண்டும். பிள்ளைகளைப் பக்கத்தில் விடக் கூடாது.

அப்படி மணலிலிருந்து வந்த ஒரு கோப்பையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பித்தளைமேல் வெள்ளி முலாம். முலாம் பாதிக்குமேல் போய்விட்டது. ஒரு பக்கம் பலமாக நசுங்கியிருந்தது. பீடத்தைச் சுற்றி ஆண்டுகளும் ஊர்ப் பெயர்களும் பொறித்த சின்னத் தகடுகள். இளைஞர்கள் சிலர், "மாஸ்டர்ஜி, நெளிவை எடுத்துவிட்டுப் புது முலாம் போட்டுக் கொடுங்கள். கப்பல் ஏற்றி அனுப்பக்கூடத் தயார்" என்றார்கள். கூட வந்த முதிய கேப்டன் பேசாமல் இருந்தார். புது முலாம் போடுவதற்கு முன்னால் பழைய முலாமை உரித்து, சக்கரத்தில் கொடுத்து வழவழப்பாக்குவார்கள். அந்தச் சக்கரத்தில் ஏற்கெனவே தேய்ந்திருக்கும் எழுத்துகள் முற்றிலும் போய்விடும் என்று விளக்கினேன். நெளிவைத் தட்டி எடுத்தால், அரிப்பால் மெலிந்த தகடு கிழியும் அபாயத்தையும் சொன்னேன். அதன் பிறகுதான் கேப்டன் வாயைத் திறந்தார்: "அந்த நெளிவு கடல் போட்டது, மாஸ்டர்ஜி. அது இருக்கட்டும். பெயர்களை மட்டும் பிழைக்க வையுங்கள்."

அந்தச் சொல் என் வேலையின் இலக்கணம் ஆனது. விளையாட்டு நினைவுப் பொருளைப் பழுதுபார்ப்பது என்றால் அதைப் புதிதாக்குவது என்றுதான் பலரும் நினைக்கிறோம். கோப்பை ஒரு சான்று. எந்த ஆண்டில், எந்த ஊர், யாரை வென்றது, யார் அதைக் கொடுத்தார்கள் என்பதெல்லாம் அதன்மேல் எழுதியிருக்கிறது. பளபளப்பு போனால் திரும்பப் பூசலாம். எழுத்து போனால் எந்தக் கடையிலும் வாங்க முடியாது. அந்தக் கோப்பையின் தகடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, உப்பு நீக்கி, எழுத்தின்மேல் பக்கவாட்டில் விளக்கு பிடித்துப் படம் எடுத்தேன். நேராகப் பார்த்தால் தெரியாத பொறிப்பு, சாய்ந்த ஒளியில் நிழல் விழுந்து தெளிவாகும். தகடு அறைந்திருந்த பழைய மரப்பீடம் உளுத்திருந்தாலும் அதைத் தூக்கிப்போடவில்லை. பல வீடுகளில் உளுத்த பீடத்தை எறிந்துவிட்டுக் கோப்பையை மட்டும் வைத்துக்கொள்வார்கள். உலகக் கோப்பையின் கதையையே பாருங்கள். ஆபெல் லஃப்ளர் செய்த ஜூல் ரிமே கோப்பை 1983இல் ரியோ டி ஜெனீரோவில் திருடுபோனது, இன்றுவரை கிடைக்கவில்லை. 1954இல் மாற்றிவிட்டு மறந்துபோன அதன் பழைய பீடம் மட்டும் ஃபிஃபாவின் கிடங்கில் 2015இல் அகப்பட்டது. முதல் கோப்பையில் மிஞ்சியிருக்கும் பகுதி அந்தப் பீடம்தான்.

தமிழ் வீடுகளில் பித்தளையைப் புளியும் உப்பும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பது நமக்குக் கைவந்த பழக்கம். குத்துவிளக்குக்கு அது பொருந்தும், அடுத்த வாரமே மறுபடி தேய்ப்போம். முலாம் பூசிய கோப்பைக்கு அது பொருந்தாது. புளியின் அமிலம் உலோகத்தைக் கரைக்கும். உப்பு குளோரைடை உள்ளே செலுத்தும். சாம்பலின் நறநறப்பு முலாமைச் சுரண்டும். கடையில் விற்கும் பாலிஷும் அப்படித்தான், ஒவ்வொரு முறையும் ஒரு படலத்தை எடுக்கும். கருத்த வெள்ளி முலாமுக்கு நான் சன்னமான சுண்ணத்தூளை ஸ்பிரிட்டும் வடிநீரும் கலந்து குழைத்து, பஞ்சில் தொட்டு, அழுத்தாமல் துடைப்பேன். பொறிப்பின் பள்ளங்களில் தங்கிய கருமையை எடுக்க மாட்டேன். எழுத்தைக் கண்ணுக்குக் காட்டுவது அந்தக் கருமைதான்.

எந்தப் பொருளை எதோடு சேர்த்து வைக்கிறோம் என்பதும் முக்கியம். பள்ளிகளில் கண்ணாடி அலமாரிக்குள் கோப்பையும் பக்கத்தில் பழைய பந்தும் வைப்பது வழக்கம். பார்க்க அழகு. ஆனால் பந்தின் ரப்பர் பிளாடர் கந்தகம் சேர்த்துப் பதப்படுத்தியது. மூடிய அலமாரிக்குள் அது விடும் வாயுவில் வெள்ளி சீக்கிரம் கருக்கும். புதுப் பிளைவுட் விடும் அமில ஆவி, ஈயம் கலந்த மெடல்களை வெண்பொடியாக்கும். அந்துருண்டை பூச்சியை விரட்டும் என்று போடுவார்கள்; பிளாஸ்டிக் கோப்பைகளில் சில வகை அதன் ஆவியில் இளகி ஒட்டும். இதையெல்லாம் தவிர்க்கச் செலவு அதிகம் இல்லை. பந்து ஓர் அலமாரி, கோப்பை இன்னோர் அலமாரி. பலகைக்கும் பொருளுக்கும் நடுவே ஒரு பாலியெஸ்டர் தாள். அவ்வளவுதான்.

பந்துகளில் தோல் பந்து நம்பகமானது. பூஞ்சை படிந்தால் வெளியில், காற்று வாக்கில் நின்று மென்பிரஷால் தட்டி எடுத்து, நிறம் கழலாது என்று ஒரு மூலையில் சோதித்துப் பார்த்த பிறகு ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைக்கலாம். எண்ணெய் ஊற்றி ஊறவைக்கக் கூடாது. அது பூஞ்சைக்கு மறுபடியும் உணவு. காற்றடித்தால் பழைய தையல் விடும். அமிலமில்லாத தாளைச் சுருட்டி உள்ளே திணித்து உருண்டையாக நிறுத்துவேன். புதுக் காலத்துப் பாலியூரித்தேன் பந்துகளுக்கும், அதே பொருளில் அடிப்பாகம் செய்த பூட்ஸ்களுக்கும் எந்த மருந்தும் இல்லை. ஈரமும் வெப்பமும் அந்தப் பொருளின் மூலக்கூறுகளையே பிளக்கும். ஒட்டும், பிறகு வெடிக்கும், பிறகு செதில் செதிலாக உதிரும். தள்ளிப்போடலாம், தடுக்க முடியாது. கொண்டுவருபவர்களிடம் இதை முதல் நாளே சொல்லிவிட்டு, முழுதாக இருக்கும்போதே எல்லாப் பக்கமும் படம் எடுத்து வைக்கிறேன்.

இப்போது தீவின் பெயர் சைக்கிள் பந்தயத்திலும் ஒலிக்கிறது. சுனாமியில் மரத்தைப் பற்றிக்கொண்டு உயிர் தப்பிய சிறுமி டெபோரா ஹெரால்ட், 2015இல் 500 மீட்டர் டைம் டிரையலில் உலகத் தரவரிசையில் 4ஆம் இடத்துக்கு உயர்ந்தார். நிக்கோபாரின் எசோ ஆல்பன் 2018இல் சுவிட்சர்லாந்தின் ஐகிள் நகரில் ஜூனியர் உலகப் போட்டியின் கெய்ரின் பந்தயத்தில் வெள்ளி வென்றார். 2019இல் ஜெர்மனியில் டீம் ஸ்பிரிண்ட் தங்கம் வென்ற இந்திய ஜூனியர் அணியிலும் இருந்தார். அவர்களின் பதக்கங்கள் என் கைக்கு வந்ததில்லை. ஆனால் அவர்களைப் பார்த்து ஓட்டத் தொடங்கிய பிள்ளைகளின் ஜெர்சிகளும் எண் அட்டைகளும் வருகின்றன. முதல் வேலை, ஊக்குகளைக் கழற்றுவது. ஜெர்சியில் எண்ணைக் குத்திய ஊக்கு இந்தக் காற்றில் துருப்பிடித்து, துணியில் போகாத பழுப்புக் கறையை வைத்துவிடும். வியர்வை உப்பைக் குளிர்ந்த நீரில் அலசலாம். கையெழுத்து இருந்தால் தண்ணீரே ஆகாது, வெயிலும் ஆகாது. மெடலின் ரிப்பனையும் உலோகத்தையும் தொடாமல் பிரித்து, நடுவே தாள் வைக்க வேண்டும்.

புகைப்படங்கள்தான் மனத்தை அதிகம் வருத்துபவை. பிரேமுக்குள் கண்ணாடியில் ஒட்டிப்போன அணிப் படங்கள் நிறைய வருகின்றன. கறுப்பு வெள்ளைப் படத்தின் மேல் இருப்பது ஜெலட்டின். ஈரத்தில் அது உப்பிக் கண்ணாடியைப் பசையாகப் பிடித்துக்கொள்ளும். உலர்ந்த நிலையில் உரித்தால் முகங்கள் கண்ணாடியோடு போய்விடும். ஓரத்தில் ஒரு துளி நீர் வைத்துச் சோதித்து, தாங்கினால் குளிர்ந்த நீரில் மிதக்கவிட்டுத் தானாகப் பிரியக் காத்திருப்பேன். தாங்காவிட்டால் கண்ணாடியோடு அப்படியே ஸ்கேன் செய்து நிறுத்திக்கொள்வேன். 2011 சுனாமிக்குப் பிறகு ஜப்பானின் யமமோத்தோ ஊரில் தன்னார்வலர்கள் லட்சக்கணக்கான குடும்பப் படங்களைக் கழுவி, உலர்த்தி, நகல் எடுத்து உரியவர்களிடம் சேர்த்தார்கள். இதில் மறக்கக் கூடாத பாடம் ஒன்று: நனைந்த படத்தை ஓரிரு நாளில் உலர்த்த முடியாவிட்டால் உறையவைத்துவிட வேண்டும், பூஞ்சை அங்கேயே நிற்கும். மீனை உறையவைக்கும் ஃப்ரீசர் உள்ள எந்த வீட்டிலும் இதைச் செய்யலாம். சான்றிதழ்களை லேமினேஷன் செய்யாதீர்கள் என்று பெற்றோரிடம் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் தாளைக் கெடுக்காமல் எடுக்க வழி இல்லை. ஓரம் விட்டால் ஈரம் நுழைந்து உள்ளேயே பூஞ்சை வளரும். இரண்டு பக்கம் திறந்த பாலியெஸ்டர் உறை போதும்.

எல்லாவற்றையும் காக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு உண்டு. அந்த ஆசைக்கும் எல்லை உண்டு என்பதை இந்தத் தீவு கற்றுத் தந்தது. பழைய நிக்கோபார் வழக்கில் இறந்தவரின் உடைமைகளை உடைத்துக் கல்லறையில் வைப்பார்கள். அவருடையதை இன்னொருவர் அனுபவிப்பது முறையல்ல. ஒருமுறை, இறந்துபோன ஓர் ஆட்டக்காரரின் பூட்ஸும் ஜெர்சியும் என்னிடம் வேலையில் இருந்தன. குடும்பத்தார் வந்து அவற்றை அவரோடு சேர்க்கப் போவதாகச் சொன்னார்கள். சுத்தம் செய்த நிலையிலேயே துணியில் சுற்றிக் கொடுத்தேன். அவர்களுக்கு அந்தப் பொருள்கள் மண்ணுக்குள் போவதுதான் சரியான பாதுகாப்பு. அதே அணியின் கோப்பை ஊருடையது, ஆகவே அது இருக்கும். ஹோடிப் படகுப் பந்தயத்திலும் இதையே பார்க்கிறேன். படகு உளுத்தால் அடுத்த படகைக் குடைவார்கள். குடையும் அறிவு கைமாறுவதுதான் அங்கே காப்பு. எதைக் காக்க வேண்டும், எதை விட வேண்டும் என்பதை உரியவர்கள் முடிவு செய்வார்கள். கேட்பது என் கடமை.

வைத்துக்காக்கும் முறையைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன். உலோகத்துக்கு வறட்சி வேண்டும், ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே. இறுக்கமாக மூடும் சமையலறை டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு, நிறம் மாறியதும் வறுத்து மறுபடி போடலாம். தோல், மரம், தாளுக்கு அத்தனை வறட்சி ஆகாது, வெடிக்கும். 50 சதவீதம் அளவில், வேறு பெட்டியில். பகலில் ஏசி, இரவில் நிறுத்தம் என்ற அறையைவிட, ஒரே சீராகக் காற்றோடும் அறை நல்லது. அலமாரி சுவரை ஒட்டக் கூடாது, கறையான் ஏறும்.

இவற்றுக்கெல்லாம் முன்னால் ஒரு நோட்டுப் புத்தகம். ஊருக்கு ஒன்று. பொருளின் படம், அதில் இருக்கும் எழுத்து அப்படியே, எந்தப் போட்டி, யார் ஆடினார்கள், யார் கொடுத்தது, என்ன சேதம், யாருடைய பொறுப்பில் இருக்கிறது. பெரியவர்கள் சொல்வதைப் பிள்ளைகளே கேட்டு எழுதுகிறார்கள். தேய்ந்த தகட்டில் பாதி எழுத்து தெரிந்தால், மீதியை ஒரு தாத்தா நினைவிலிருந்து சொல்லிவிடுகிறார். அவர் சொன்னது என்று தனியாகக் குறிக்கிறார்கள். நோட்டுக்கு மூன்று நகல்: ஒன்று கேப்டன் வீட்டில், ஒன்று பள்ளியில், ஒன்று கடல் கடந்து ஸ்ரீ விஜயபுரத்தில் (பழைய போர்ட் பிளேர்) வேலை பார்க்கும் ஊர்க்காரர் ஒருவரிடம். கரையில் இருந்தது எல்லாம் ஒரே காலையில் போகக்கூடும் என்பதை இந்தத் தீவுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கோப்பை என்னதான் பேணினாலும் ஒருநாள் தேயும். ஆகவே என் திண்ணைக்கு எது வந்தாலும், உப்பைக் கழுவுவதற்கு முன்னால் அதிலுள்ள பெயர்களை எழுதிக்கொள்ளச் சொல்கிறேன். எழுதி முடித்த பிறகுதான் தண்ணீர்.